தொடையில் அடைப்பு, கெண்டைக்காலில் வலி

கேள்வி: எங்க அப்பாவுக்கு 61 வயசுங்க. சென்னிமலையில் குழித்தறியில் பெட்ஷீட் நெய்யறார். பத்து வருசமாச் சர்க்கரை இருக்குது, பீடியும் குடிப்பார். ஒரு வருசமா, நடந்தா வலது கெண்டைக்கால் கடுக்குதுன்னு நின்னுக்கறார். சித்த நேரம் நின்னாச் சரியாப் போயிருது. மறுபடி நடந்தா மறுபடி வலி. முன்னெல்லாம் கிருத்திகை தவறாம மலைப்படி ஏறுவார், இப்ப கொஞ்சப் படிகூட முடியறதில்லை. முதுகுத்தண்டுக் கோளாறுன்னு ஸ்கேன் எடுத்து மாத்திரை சாப்பிட்டும் கேக்கலை. போன மாசம் ஈரோட்டில் டாப்ளர் பார்த்ததில் வலது தொடைத் தமனி முழுசா அடைச்சிருக்குதுன்னு சொன்னாங்க. ஈசிஜி, எக்கோ ரெண்டும் நார்மல். இதயம் நல்லா இருக்கறப்பக் காலில் மட்டும் எப்படிங்க அடைக்கும்? அடைப்பு தொடையில் இருக்கறப்பக் கெண்டைக்கால் ஏன் வலிக்குது? டாக்டர் நடக்கச் சொல்றார். வலிக்கற காலோட நடந்தா இன்னும் கெட்டுப் போகாதுங்களா? காலை எடுக்க வேண்டி வந்துருமோன்னு அம்மா ராத்திரியெல்லாம் தூங்கறதில்லை. ரிப்போர்ட் எல்லாம் அனுப்பியிருக்கேனுங்க.
ஒரு வாசகி, சென்னிமலை

பதில்:

முதலில் உங்கள் அம்மாவுக்கான பதில். நடந்தால் மட்டும் வலி, நின்றால் சரியாகிறது, பாதத்தில் புண் இல்லை, படுத்திருக்கும்போது வலி இல்லை என்ற நிலையில் இருப்பவர்களில் கடைசியில் காலை இழக்கிறவர்கள் மிகச் சிலர். புகையை விடாதவர்களுக்கும் சர்க்கரையைக் கவனிக்காதவர்களுக்கும்தான் அந்த ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. நீங்கள் அனுப்பிய அறிக்கைகளை முழுவதும் படித்தேன். அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டிய எதுவும் அவற்றில் தெரியவில்லை. அம்மா தூங்கலாம்.

ஆனால் அப்பா அசட்டையாக இருந்துவிடக் கூடாது. அதற்கான காரணம் உங்கள் கேள்விகளிலேயே இருக்கிறது. இதயத்திலிருந்து கெண்டைக்கால் வரை ரத்தம் போகும் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டால் நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இதயத்தின் இடது கீழறை சுருங்கும்போது ரத்தம் பெருந்தமனிக்குள் பாய்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு இது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். பெருந்தமனி தன் முதல் இரண்டு கிளைகளை இதயத்துக்கே கொடுக்கிறது. வால்வைத் தாண்டிய உடனே வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இதயத்தின் அறைகளில் எந்நேரமும் ரத்தம் நிறைந்திருந்தாலும், அதன் தடித்த தசைக்கு அந்த ரத்தம் உள்ளிருந்து ஊறி வருவதில்லை. வெளிப்பக்கமாக ஓடும் இந்த இரண்டு தமனிகளை நம்பித்தான் அது வாழ்கிறது. மாரடைப்பு என்று நாம் சொல்வது இவற்றில் வரும் அடைப்பைத்தான்.

பிறகு பெருந்தமனி மேலே எழுந்து வளைகிறது. அந்த வளைவிலிருந்து மூன்று கிளைகள் கிளம்புகின்றன. முதலாவது இரண்டாகப் பிரிந்து வலக்கைக்கும் கழுத்தின் வலப்பக்கத்துக்கும் போகிறது. இரண்டாவது கழுத்தின் இடப்பக்கத்துக்கு, மூன்றாவது இடக்கைக்கு. கழுத்துத் தமனி ஒவ்வொன்றும் குரல்வளைக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கும் உச்சந்தலைத் தோலுக்கும், உட்கிளை மூளைக்கும் கண்ணுக்கும். இவை தவிர, கைத் தமனிகளிலிருந்து புறப்பட்டுக் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே பின்பக்கமாக ஏறும் இரண்டு தமனிகளும் மூளைக்குப் போகின்றன. ஆக மூளைக்கு நான்கு வழி. நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாகக் கைகோத்துக்கொள்கின்றன. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1664இல் இந்த வளையத்தின் வேலையை விளக்கி எழுதினார். ஒரு வழி மெல்ல மெல்ல அடைத்தாலும் மற்ற வழிகள் வளையத்தின் மூலமாக ஈடு கொடுக்கும். எல்லோருக்கும் இந்த வளையம் முழுமையாக அமைந்திருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே அளவு அடைப்பு ஒருவருக்கு ஒன்றும் செய்யாமலும் இன்னொருவருக்குப் பக்கவாதத்தில் முடிவதற்கும் இது ஒரு காரணம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே உள்ள மூளை, ரத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை வாங்கிக்கொள்கிறது.

பெருந்தமனி மார்பு வழியே இறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் வருகிறது. அங்கே இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு கிளை. குடலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் சிறுநீரகங்களுக்குப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து எடை கால் கிலோவைச் சற்றுத் தாண்டும். ஆனால் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் அங்கே போகிறது. அவ்வளவும் அவற்றின் சொந்தத் தேவைக்கு வேண்டியதில்லை, வடிகட்டுவதற்காகப் போகிறது.

தொப்புள் உயரத்தில் பெருந்தமனி இரண்டாகப் பிரிகிறது, வலக்காலுக்கு ஒன்று, இடக்காலுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் இடுப்புக்குள் மறுபடி பிரிகிறது. உட்கிளை இடுப்புக்குள்ளிருக்கும் உறுப்புகளுக்கும் பிட்டத்துத் தசைக்கும் போகிறது. வெளிக்கிளை கவட்டுக்கு வருகிறது. கவட்டில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தால் துடிப்பு தெரியும். உங்கள் அப்பாவுக்கு அந்தத் துடிப்பு நன்றாக இருப்பதாக அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அதாவது அதுவரைக்கும் பாதை திறந்திருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதற்கு அடுத்த சில அங்குலங்களில் இருக்கிறது. கவட்டைத் தாண்டியதும் தொடைத் தமனி இரண்டாகிறது. ஒன்று ஆழமாக உள்ளே போய்த் தொடைத் தசை முழுவதற்கும் ரத்தம் கொடுத்து அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மற்றொன்று தொடையின் உட்பக்கமாக, தசைக்கு அதிகம் எதுவும் கொடுக்காமல் கீழே இறங்கி, முழங்காலின் பின்குழிக்கு வந்து, மூன்று கிளைகளாகிக் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் போகிறது. இது தொடை வழியாகப் போகிறது, ஆனால் தொடைக்காகப் போகவில்லை. அப்பாவுக்கு அடைத்திருப்பது இந்தத் தமனி. ஆழத் தமனி திறந்திருப்பதால் தொடைக்கு ஒரு குறையும் இல்லை. கெண்டைக்காலுக்குத்தான் பற்றாக்குறை. அடைப்பு இன்னும் மேலே இடுப்பில் இருந்தால் பிட்டமும் தொடையும் வலித்திருக்கும். எந்தத் தசை வலிக்கிறது என்பதிலிருந்தே அடைப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஸ்கேனுக்கு முன்பே ஓரளவு சொல்லிவிட முடியும்.

சரி, முழுசாக அடைத்தும் கால் ஏன் கறுக்கவில்லை? உட்கார்ந்திருக்கும்போது ஏன் வலிக்கவில்லை? உங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் கீழ்பவானி வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்கும் ஒரே போகத்தில் விடத் தண்ணீர் போதாது என்பதால்தான் ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்த போகம் என்று முறை வைத்திருக்கிறார்கள். உடம்பிலும் எல்லா உறுப்புக்கும் ஒரே நேரத்தில் முழு ரத்தம் கொடுக்க முடியாது. தமனிகளின் கடைக்கோடியில் இருக்கும் நுண்ணிய குழாய்களின் சுவரில் தசை உண்டு. அது சுருங்கினால் மதகு இறங்குகிறது, தளர்ந்தால் ஏறுகிறது. சும்மா இருக்கும்போது உடம்பின் எல்லாத் தசைகளும் சேர்ந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போல வாங்கினால் அதிகம். சாப்பிட்டு எழுந்தால் குடலின் மதகுகள் ஏறுகின்றன. வேகமாக ஓடும்போது நல்ல உடற்கட்டுள்ளவரின் இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர்கூட இறைக்கும், அதில் முக்கால் பங்குக்கு மேல் தசைக்குப் போகும். அப்போது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது குறைந்துவிடும். மூளையின் பங்கு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

அப்பாவின் காலில் நடப்பது இதுதான். பிரதான வாய்க்கால் தொடையில் அடைத்துவிட்டது. ஆனால் ஆழத் தமனியின் சின்னஞ்சிறு கிளைகள் முழங்காலைச் சுற்றி வந்து, அடைப்புக்குக் கீழே இருக்கும் தமனியோடு சேர்ந்துகொண்டிருக்கின்றன. அறிக்கையில் 'கொலேட்டரல்' என்று எழுதியிருப்பது இந்தப் பக்கவழிகளைத்தான். சும்மா இருக்கும் கெண்டைக்காலுக்கு இவை கொண்டுவரும் ரத்தம் தாராளமாகப் போதும். நடக்கத் தொடங்கினால் தசை பல மடங்கு கேட்கிறது. கீழே மதகுகள் எல்லாம் திறந்துகொள்கின்றன, மேலேயிருந்து அந்த அளவுக்கு வரவில்லை. தசை வலிக்கிறது. நின்றால் தேவை குறைகிறது, சில நிமிடங்களில் வலி போய்விடுகிறது.

அறிக்கையில் 0.62 என்ற ஓர் எண் இருக்கிறதே, அது கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்தது. அப்பாவுக்குக் கையில் 140, வலது கணுக்காலில் 87. ஆரோக்கியமான காலில் இந்த எண் ஒன்றுக்குச் சமமாக அல்லது சற்று மேலே இருக்க வேண்டும். 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனி நோய் என்று கொள்கிறோம். 0.4க்குக் கீழே போனால் கால் ஆபத்தில் இருக்கிறது. அப்பாவின் இடது கால் 0.86. வலியே இல்லாத காலிலும் நோய் தொடங்கிவிட்டது என்று அது சொல்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போவதால், கணுக்கால் அழுத்தம் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். அடுத்த முறை பெருவிரலின் அழுத்தத்தையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்தக் குழாய்கள் அவ்வளவாக விறைப்பதில்லை.

முதுகுத்தண்டு என்று முதலில் நினைத்ததில் வியப்பில்லை. தண்டுவடம் நெருக்கப்பட்டாலும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் அந்த வலி வெறுமனே நின்றால் போகாது. உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். அப்பா நின்றாலே சரியாகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி, என்னைப் போன்றவர்களுக்கு ஸ்கேனுக்குச் சமம்.

இப்போது இதயத்துக்கு வருவோம். தமனியின் உட்சுவர் மிக மெல்லிய ஒரே அடுக்கு செல்களால் ஆனது. புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு நான்கும் அந்த அடுக்கைத்தான் புண்ணாக்குகின்றன. புண்ணான இடத்தில் கொழுப்பு படிந்து, தடித்து, பாதையைச் சுருக்குகிறது. அந்தச் சுவர் இதயத்திலும் கழுத்திலும் சிறுநீரகத்திலும் காலிலும் ஒன்றேதான். ஓரிடத்தில் முந்திக்கொண்டு தெரிகிறது, அவ்வளவுதான். ஈசிஜி, படுத்திருக்கும் மனிதனின் இதய மின்னோட்டத்தைக் காட்டுகிறது. எக்கோ, சுவர்கள் எப்படி அசைகின்றன என்று காட்டுகிறது. இதயத் தமனியில் பாதியளவு அடைப்பு இருந்தாலும் இரண்டும் நார்மலாக வரலாம். உட்கார்ந்திருக்கும் அப்பாவின் கால் எப்படி நார்மலாகத் தெரிகிறதோ அதே காரணத்தால்தான். காலில் தமனி அடைப்பு உள்ளவர்களில், காலை இழப்பவர்களைவிட மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் ஆளாகிறவர்கள் பல மடங்கு அதிகம். எனக்கு அப்பாவின் காலைப் பற்றி இருக்கும் கவலையைவிட அவருடைய இதயத்தையும் மூளையையும் பற்றிய கவலைதான் பெரிது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகவே பீடி. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். பீடி சிகரெட்டைவிடச் சாது என்று நம் பக்கம் இன்னும் நம்புகிறார்கள், அது தவறு. நிக்கோட்டின் அந்தச் சிறு மதகுகளை இறுக்குகிறது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, உட்சுவர் ஒவ்வொரு நாளும் புதிதாகப் புண்ணாகிறது. கட்டை அரைக்கட்டாகக் குறைத்துவிட்டேன் என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது போதாது, முழுசாக நிறுத்த வேண்டும். விட்ட இடத்தைப் புகையிலை மென்று நிரப்பவும் கூடாது. தறியில் பக்கத்தில் உட்காருகிறவர் பற்ற வைத்தால் கை தானாகப் போகும் என்பது எனக்குத் தெரியும். நிக்கோட்டின் சூயிங்கம், மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேட்கலாம். 1800 11 2356 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

மருத்துவர் எழுதிய மாத்திரைகளில் ஒன்று ரத்தம் உறையாமல் தடுப்பது, ஒன்று கொழுப்பு மாத்திரை. கொலஸ்ட்ரால் அளவு நார்மலாகத்தானே இருக்கிறது, அதற்கு ஏன் மாத்திரை என்று கேட்கத் தோன்றும். அளவு எதுவாக இருந்தாலும் படிந்திருப்பது உடைந்து கட்டியாகாமல் அது காக்கிறது. வலி குறைந்துவிட்டது என்று இரண்டையும் நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், அதில் பெயர் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்துவிடுங்கள்.

நடப்பதைப் பற்றி. அப்பாவுக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல மருந்து இதுதான். உங்கள் மருத்துவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். பக்கவழிகள் உயிருள்ள குழாய்கள். அவற்றில் ரத்தம் வேகமாக ஓடும்போது அவை அகலமாகின்றன. அதைவிட முக்கியமாக, கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனை வைத்து அதிக வேலை செய்யக் கெண்டைத் தசை பழகிக்கொள்கிறது. அந்த வலி தசையைச் சேதப்படுத்துவதில்லை. சமதளத்தில் நடக்கட்டும், மலைப்படி இப்போதைக்கு வேண்டாம். வலி தொடங்கியதும் நின்றுவிடாமல், நடுத்தரமான வலி வரும்வரை போகட்டும். பிறகு நின்று, வலி முழுவதும் போன பிறகு மறுபடி நடக்கட்டும். இப்படி நின்று நின்று, மொத்தம் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள், மூன்று மாதம். பலருக்கு நடக்கும் தூரம் இரு மடங்காவதை நான் பார்த்திருக்கிறேன். நடக்கும்போது மார்பில் அழுத்தமோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தறியில் மிதிப்பலகை மிதிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் குழிக்குள் வெறுங்கால் எங்கே உரசுகிறது என்பதைக் கவனியுங்கள். தினமும் சாயங்காலம் வெளிச்சத்தில் விரலிடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் நீங்களோ அம்மாவோ பார்த்துவிட வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் புண் பட்டது அவருக்கே தெரியாது. ஆறாத ஒரு சின்னக் காயம்தான் பெரும்பாலும் காலை எடுக்கும் நிலை வரைக்கும் கொண்டுபோகிறது. தோலை உயிரோடு வைக்கப் போதுமான ரத்தம், புண்ணை ஆற்றப் போதாமல் இருக்கலாம்.

அதே காரணத்தால் வெந்நீரில் காலை ஊறவைப்பது, உப்பு வறுத்து ஒத்தடம் கொடுப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். சூடு தோலின் தேவையைக் கூட்டுகிறது, கொப்புளம் வந்தால் ஆறாது. கால் ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது. நரம்பு சுருட்டலுக்குப் போடும் இறுக்கமான காலுறையை யாராவது வாங்கிக் கொடுத்தால் போட வேண்டாம். அது ரத்தம் மேலே திரும்பும் சிரைகளுக்கானது, இந்தக் காலுக்கு வரும் கொஞ்ச ரத்தத்தையும் நெரித்துவிடும். ஒரு மாதத்தில் அடைப்பைக் கரைக்கிறேன் என்று சொல்லும் பொடிகளுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்று மாதம் ஒழுங்காக நடந்தும் பிழைப்புக்குத் தடையாக வலி இருந்தால், பலூன் வைத்து விரிப்பதையோ ஸ்டென்ட் வைப்பதையோ, காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து பைபாஸ் செய்வதையோ யோசிக்கலாம். அப்போது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் என்னென்ன வரும் என்று மருத்துவமனையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சில அறிகுறிகளுக்கு மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. ராத்திரி படுத்ததும் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் தணிகிறது என்றாலோ, விரல் கறுத்தாலோ, புண் வந்தாலோ அந்த வாரத்துக்குள் ரத்தக்குழாய் மருத்துவரைப் பாருங்கள். கால் திடீரென்று வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் அது ரத்தக்கட்டி. ஆறு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். விடியட்டும் என்று இருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்தாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அதே 108தான்.

அப்பா நடக்கும் நாட்களில், முதல் வலி எந்த இடத்தில் வந்தது, எந்த இடத்தில் நின்றார் என்பதை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். எந்த வீட்டு வாசல், எந்த மின்கம்பம் என்று எழுதினால் போதும். அடுத்த முறை ஈரோடு போகும்போது டாப்ளர் அறிக்கையோடு அந்தக் காலண்டரையும் எடுத்துப் போங்கள்.